வாசலில் உட்கார இடம் இருக்கா? வீடு கட்டும் முன் ஒரு யோசனை

பக்கத்து வீட்டுக்காரரோடு கடைசியா எப்போ உட்கார்ந்து பேசினீங்க? பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருந்தா, அதுக்கு உங்க வீட்டு வாசலும் ஒரு காரணமா இருக்கலாம்.

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளை நினைச்சுப் பாருங்க. சாய்வான ஓட்டுக்கூரை, தெருவைப் பார்த்த படிப்புரை, உள்ளே முற்றம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காக முன்னால் நீட்டிய கூரை, படிப்புரைக்கு நிழலும் தந்தது. தெருவில் போறவர் ஒதுங்கினார், பேச்சு வளர்ந்தது.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரம் அரண்மனையிலும், நுழைந்ததும் உங்களை வரவேற்பது பூமுகம்தான். உள்ளே ஊர்ப் பந்திக்காகவே இரண்டு மாடி ஊட்டுப்புரை இருக்கு.

ஆனா பழையது எல்லாமே நல்லதுன்னு சொல்லிட முடியாது. படிப்புரை இருந்த எல்லாத் தெருவிலும் எல்லோரும் நடக்க முடியலை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. 1936-இல்தான் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது.

இன்று தெரு எல்லோருக்கும் பொது. இப்போ பார்த்து, தெருவும் வீடும் சந்திக்கும் இடத்தை நாம சுருக்கிட்டு வர்றோம். உயரமான மதில், இரும்பு கேட், உள்ளே கார். இதில் அதிகம் இழப்பது, பகலில் வீட்டில் தனியா இருக்கும் முதியவர்கள். ஒருநாள் அவங்க வெளியே வரலைன்னா, கவனிக்கத் தெருவில் ஆள் இல்லை.

நீங்க என்ன செய்யலாம்?

• வரைபடம் போடும்போதே வாசலில் இருவர் உட்காரும் அளவுக்கு ஒரு திண்ணை கேளுங்க. அது உங்க மனைக்குள்ளேயே இருக்கணும். சாலையில் படி நீட்டினால் ஆக்கிரமிப்பு.

• 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம் அல்லது தரைத்தளத்தோடு முதல் தளம் கட்டுறீங்களா? 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று திட்டத்தில், ஒற்றைச்சாளர இணையதளம் வழியா உடனடி அனுமதி கிடைக்கும். திண்ணையையும் அந்த வரைபடத்திலேயே காட்டிடுங்க.

• கலைஞரின் கனவு இல்லம் பயனாளியா? 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்கு ஓடு மாதிரி தீப்பிடிக்காத கூரை போடலாம். அதை வாசல் பக்கம் வைக்க முடியுமான்னு பொறியாளரிடம் கேளுங்க.

• வீடு ஏற்கனவே கட்டியாச்சா? மதிலின் உயரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். கேட் பக்கத்தில் ஒரு கல் பெஞ்சு போதும்.

சாயந்திரம் அதில் போய் உட்காருங்க. யாராவது நின்னு, "என்ன, சாப்பிட்டாச்சா?"ன்னு கேட்பாங்க.