பொன்முகலி கடல் சேரும் கரை



உங்களுள் பலர் சந்திரகிரியிலும் திருப்பதியிலும் வாழ்பவர்கள். சந்திரகிரியில் குன்று உண்டு, கோட்டை உண்டு, அரச மாளிகையும் உண்டு. கடல் இல்லை. ஆயினும் "எங்கள் மாவட்டத்தில் கடல் இருக்கிறது" என்று நீங்கள் எவரிடமும் துணிந்து கூறலாம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திரப் பிரதேசத்தின் மாவட்டங்கள் புதிதாக வகுக்கப்பட்டன. அதுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த சந்திரகிரி அன்று திருப்பதி மாவட்டத்திற்கு வந்தது. நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் அம்மாவட்டத்தோடு இணைந்தது. கடற்கரையே இல்லாத ஒரு மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள், ஒரே நாளில் கடற்கரை உள்ள மாவட்டத்தினர் ஆயினர்.

குன்றையும் கடலையும் இணைப்பது ஓர் ஆறு. சந்திரகிரியை அடுத்து ஓடும் சுவர்ணமுகியை நீங்கள் அறிவீர்கள். ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் ஓடுகிறது என்று கேலி செய்வோரும் உண்டு. அந்த ஆற்றுக்குத் தமிழில் பொன்முகலி என்பது பெயர். சுவர்ணம் என்றாலும் பொன் என்றாலும் பொருள் ஒன்றே. பெரியபுராணத்தில் கண்ணப்பர் வரலாற்றில் வரும் பொன்முகலி இதுவே. சந்திரகிரிக்கு மேற்கே உள்ள குன்றுகளில் தோன்றி, காளத்தியின் வழியாகவும் நாயுடுப்பேட்டையின் வழியாகவும் சென்று, வாக்காட்டைக் கடந்து வங்கக் கடலில் கலக்கிறது.

"இந்த ஆறு எங்கே முடிகிறது?" என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தம்பிக்கு நான்கு வயது. அந்த ஆண்டுச் சங்கராந்தி விடுமுறையில் நாங்கள் நால்வரும் ஒரு கூடாரத்தை எடுத்துக்கொண்டு ஆற்றின் முடிவைத் தேடிப் புறப்பட்டோம். கடலோரத்தில் ஓர் இரவு தங்குவது எங்கள் திட்டம். அந்தப் பயணத்தில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும், கற்காமல் சென்றதனால் நேரவிருந்ததையும் இப்பாடத்தில் விளக்குகிறேன்.

வாக்காட்டிற்குக் கிழக்கே நிலம் முற்றிலும் மாறிவிடுகிறது. மலை கண்ணுக்குத் தெரிவதில்லை. நெல்வயல்கள், இறால் பண்ணைகள், சவுக்குத் தோப்புகள், அப்பால் மணல்மேடுகள், அதற்கும் அப்பால் கடல். பழந்தமிழர் இத்தகைய நிலத்தை நெய்தல் என்றனர். இப்பகுதியில் துகராஜப்பட்டினம் என்னும் சிற்றூர் உள்ளது. 1620களில் ஆங்கிலேய வணிகர் இங்கே ஒரு பண்டகசாலை அமைத்திருந்தனர். அவர்கள் இவ்விடத்தை ஆர்மகான் என்று அழைத்தனர். தங்களுக்கு உதவிய ஆறுமுக முதலியார் என்பவரின் பெயரைத்தான் அவ்வாறு திரித்து வழங்கினர் என்பர். இங்கே தலைமை வகித்த பிரான்சிஸ் டே என்பவரே 1639இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் நிலம் பெற்றுச் சென்னையில் கோட்டை எழக் காரணமானவர். வேங்கடப்பர் சந்திரகிரி அரசருக்கு உட்பட்டவர். சென்னை நகரின் பிறப்பில் உங்கள் ஊருக்கும் பங்குண்டு என்பதை உறவினர்களிடம் நினைவூட்டுங்கள்.

நாங்கள் ஒரு மீனவர் குப்பத்தை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. ஆளரவமற்ற கரை. கடல் அமைதியாகப் பின்வாங்கிக் கிடந்தது. நீருக்கும் மணல்மேட்டிற்கும் இடையே அகன்ற, சமமான, ஈரம் காய்ந்த மணற்பரப்பு இருந்தது. கூடாரம் அடிக்க இதைவிடச் சிறந்த இடம் உண்டா என்று எண்ணினோம். மணல் கால்களுக்கு இறுக்கமாக இருந்தது; குழந்தைகள் ஓடி விளையாட இடம் இருந்தது; கூடாரத்தின் வாயிலில் அமர்ந்தபடியே கடலைக் காணலாம். முளைகளை அடித்தோம். அருகில் மூன்று கற்களை வைத்து அடுப்பு மூட்டினோம். மகன் தன் காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் கோட்டை கட்டத் தொடங்கினான்.

மகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, படகுகளை எல்லாம் ஏன் அவ்வளவு மேலே இழுத்து வைத்திருக்கிறார்கள்? தண்ணீர் பக்கத்தில் இருந்தால் தள்ளுவதற்கு எளிதாக இருக்குமே?" நல்ல கேள்வி. நான் விடை தேடவில்லை; ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆசிரியர்களும் சில நேரங்களில் இவ்வாறு செய்வதுண்டு.

கதிரவன் மறையும் வேளையில், வலையைத் தோளில் இட்டபடி ஒரு முதியவர் வந்தார். எங்கள் கூடாரத்தைக் கண்டதும் நின்றார். கடலைக் காட்டினார், பிறகு கூடாரத்தைக் காட்டினார். "தண்ணி வரும்" என்றார். நான் தெலுங்கில் மறுமொழி கூற வாயெடுத்து, அப்படியே நின்றுவிட்டேன். அவர் பேசியது தெலுங்கன்று.

நெல்லூர், திருப்பதி மாவட்டங்களின் கடலோரத்தில் பட்டப்பு என்னும் மீனவ மக்கள் வாழ்கின்றனர். வெளியில் தெலுங்கு பேசுவோர், வீட்டிலும் படகிலும் தமிழோடு மிக நெருங்கிய ஒரு மொழியைப் பேசுகின்றனர். தலைமுறை தலைமுறையாகப் பேச்சின் வழியாகவே அது அவர்களிடம் நிலைத்திருக்கிறது. அம்முதியவருக்குத் தெலுங்கு எழுத்து ஓரளவு தெரியும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவர் கூறியவற்றுள் முக்கால் பங்கு எனக்கு விளங்கியது. என்னைவிட என் மகளுக்கு விரைவாக விளங்கியது.

அவர் கூறியதன் சாரம் இதுதான்: இன்று பௌர்ணமியை அடுத்த நாள். இரவு ஒன்பது மணிக்குள் கடல் இவ்விடத்தை மூடும். பிள்ளைகள் உறங்கும் நேரம் அது.

கடல்நீர் நாள்தோறும் உயர்வதையும் தாழ்வதையும் ஓதம் என்கிறோம். நிலவின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் இதற்குக் காரணம். நம் கிழக்குக் கரையில் ஒரு நாளில் இருமுறை நீர் ஏறுகிறது, இருமுறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு மணி 25 நிமிடம். ஆதலால் இன்று எட்டு மணிக்கு ஏறிய ஓதம் நாளை எட்டு மணிக்கே வாராது. சுமார் 50 நிமிடம் பிந்தும். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் நிலவும் கதிரவனும் பூமியும் ஒரே நேர்கோட்டை ஒட்டி அமைவதால், அந்நாள்களிலும் அவற்றை அடுத்த நாள்களிலும் நீர் வழக்கத்தைவிட மேலே ஏறும். வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். பிற்பகலில் நாங்கள் கண்ட அகன்ற மணற்பரப்பு அந்த மிகுதியான இறக்கத்தினால் வெளிப்பட்டதே. அது கடலின் இடம். சில மணி நேரம் கடல் அதை விட்டு விலகியிருந்தது, அவ்வளவே.

நம் கரையில் ஓதம் ஏறும் உயரம், மிகுதியான நாள்களில்கூட, ஒரு மீட்டர் அளவுதான். மூன்றடி நீருக்கா அஞ்சுவது என்று நீங்கள் நினைக்கலாம். தரை முப்பது அடி தொலைவுக்கு ஓரடி வீதம் உயர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் மூன்றடி உயர்ந்தால் நீர் தொண்ணூறு அடி உள்ளே வரும். அதன்மேல் அலைகள் ஏறி வருவது தனி. உறங்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு மூன்றடி நீர் என்பது தலைக்குமேல் நீர்.

அப்படியானால் எங்கே தங்குவது? முதியவர் எங்களை மணல்மேட்டை நோக்கி அழைத்துச் சென்றார். அங்கே ஊதா நிறப் பூக்களோடு ஒரு கொடி மணலில் படர்ந்திருந்தது. அதன் இலை ஆட்டின் குளம்பைப் போல இரண்டாகப் பிளந்திருக்கும். அதுதான் அடும்பு, இக்காலத்தில் அடம்பங்கொடி என்பர். சங்க இலக்கியத்தில் நெய்தல் பாடல்களில் வரும் கொடி. ஓதம் நாள்தோறும் தொடும் மணலில் அது வேரூன்றுவதில்லை. ஆகவே, அடம்பு தொடங்கும் இடம் கடல் வழக்கமாக நிற்கும் எல்லை. அதற்கும் மேலே, இராவணன் மீசை என்னும் முள்நுனிப் புல் வளரும் மேட்டிற்குப் பின்புறம் கூடாரம் இருக்க வேண்டும். இழுத்து வைத்த படகுகளும் அந்த எல்லைக்கு மேலேதான் நின்றன. என் மகளின் கேள்விக்கு விடை அங்கே வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

புயற்காலமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த அடையாளங்களையும் நம்பக் கூடாது. அம்மாதங்களில் கடலோரத்தில் தங்கவே கூடாது.

கூடாரத்தை இடம் மாற்றியபோது வேறொன்றையும் கற்றோம். மேட்டு மணல் தளர்ந்தது. முளை அடித்தால் நிற்பதில்லை. துணிப்பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டி முழ ஆழத்தில் புதைத்தால், எந்தக் காற்றுக்கும் அசையாது. காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் எனத் தமிழ் நான்கு காற்றுக்கும் நான்கு பெயர் வைத்திருக்கிறது. தை மாதம் வாடையின் காலம். ஆகவே வாயிலைத் தெற்கு நோக்கி அமைத்தோம். இல்லையேல் சோற்றோடு மணலையும் உண்டிருப்போம்.

குடிநீர் முழுவதையும் வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டரேனும் வேண்டும். ஆயினும் முதியவர் காட்டிய ஒரு வியப்பைச் சொல்லாமல் விட மனமில்லை. மேட்டின் பின்புறம் பள்ளமான ஓரிடத்தில் கையால் மணலைத் தோண்டினார். இரண்டு முழத்திற்குள் நீர் ஊறியது. அது உப்புக் கரிக்கவில்லை. மணலில் இறங்கிய மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் அடியில் உள்ள உப்புநீரோடு எளிதில் கலவாமல் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் வந்துவிடும். ஆசையால் ஆழம் தோண்டியவன் நல்ல நீரையும் இழப்பான் என்று அவர் சிரித்தார். அந்நீரைக் கொதிக்க வைத்துத்தான் பருக வேண்டும்.

மறுநாள் காலையில் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைத் தொலைவிலிருந்து கண்டோம். நீர் முழங்காலளவே இருப்பதாகத் தோன்றும். ஓரடி தள்ளினால் ஆழம் ஆளை மூழ்கடிக்கும். ஓதம் இறங்கும் நேரத்தில் உள்ளே தேங்கிய நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாயில் வழியாகக் கடலுக்கு விரையும். அங்கே குழந்தைகளை நீரில் இறக்கவே கூடாது. திறந்த கடற்கரையிலும் ஒரு பொறி உண்டு. இருபுறமும் அலைகள் வெண்ணுரையாக உடைய, நடுவில் மட்டும் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தோன்றுமானால், கரைக்கு வந்த நீர் அவ்வழியே உள்ளே திரும்புகிறது என்று பொருள். அறியாதவர் அமைதியான இடம் என்று அதையே நாடுவர். அத்தகைய இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். இது பெரியவர்களுக்கான அறிவுரை. சிறுவர்க்கு ஒரே விதி: நீர் கணுக்காலைத் தாண்டக் கூடாது, பெரியவர் ஒருவர் கை எட்டும் தொலைவில் நிற்க வேண்டும். குழந்தைகளைக் கடலைக் காட்டி அச்சுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த விதியில் விட்டுக்கொடுப்பதிலும் உடன்பாடில்லை.

தங்குவதற்கு முன் ஊராரிடமும் அருகிலுள்ள காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். அவசர உதவிக்கு 112, கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554 என்னும் எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே விண்வெளி மையம் அமைந்துள்ள ஸ்ரீஹரிக்கோட்டா தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே கூடாரம் அடிக்க எண்ணாதீர்கள்.

அன்றிரவு முழு நிலவு கடலுக்கு மேலே நின்றது. முதியவர் கைவிளக்கை அணைக்கச் சொன்னார். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். ஒரு தாய் ஆமை நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மணலால் மூடிவிட்டுச் செல்லும். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். அவை இரவில் கடலின் மேலுள்ள மெல்லொளியை நோக்கியே ஊர்கின்றன. கரையில் விளக்கு எரிந்தால் வழி தவறிப் போகும். நாங்கள் ஆமையைக் காணவில்லை. இருளில் அமர்ந்து காத்திருந்தபோது கண்டது வேறு.

எட்டரை மணிக்கு அலை எங்கள் பழைய அடுப்பைத் தொட்டது. அடுத்த சில அலைகளில் கற்கள் புரண்டன, கரி மிதந்தது. பிறகு மகன் கட்டிய கோட்டை கரைந்தது. பிறகு, பிற்பகலில் நாங்கள் கூடாரம் அடித்திருந்த இடத்தின்மேல் நீர் ஓசையின்றிப் பரவியது. மகன் என் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கணவர் மட்டும் எழுந்து சென்று, கூடாரத்தின் கயிறுகளை மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

காலையில் மகனின் காலணி ஒன்றைக் காணவில்லை. தேடினோம். ஓதம் எட்டிய கடைசி எல்லையில், பாசியும் சிப்பியும் சவுக்கு முள்களும் ஒரு நீண்ட கோடாக ஒதுங்கிக் கிடந்தன. இரவில் கடல் எதுவரை வந்தது என்பதற்கு அக்கோடே சான்று. அந்தக் கோட்டில், சிப்பிகளுக்கு நடுவே, சிறிய நீலக் காலணி கவிழ்ந்து கிடந்தது. மகள் அதன் அருகில் நின்று காலடிகளால் அளந்தாள். கடல் பக்கம், கூடாரம் முதலில் இருந்த இடத்திற்கு இருபத்திரண்டு அடிவைப்பு. மேட்டின் பக்கம், நாங்கள் உறங்கிய இடத்திற்குப் பதினாறு. இரண்டு எண்களையும் தன் குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள்.