மரத்திற்கும் தாகம் உண்டு

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு விடியற்காலைப் பெரட்டு மறந்திருக்காது. இருட்டிலேயே பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போனார்கள். அது நிர்வாகத்தின் கெடுபிடி மட்டுமன்று. மரத்தின் உள்ளேயும் அதற்கொரு காரணம் இருந்தது.

ரப்பர்ப் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இரவில் இலைத் துளைகள் மூடிக்கொள்ள, வேர் உறிஞ்சும் நீர் மரத்தில் நிறைகிறது. விடியும் வேளையில் பட்டையிலுள்ள பால்குழாய்களின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு வரை இருக்கும். வெட்டியதும் பால் பீறிட்டு வடியும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன, அழுத்தம் இறங்குகிறது, மங்கில் சேரும் பாலும் குறைகிறது.

இது ஒரு நாள் தாகம். மழை பல வாரம் பொய்த்தால் என்ன ஆகும்? அங்கேதான் ஒவ்வொரு தாவரமும் தனக்கென ஒரு வழியைத் தேடிக்கொள்கிறது.

1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் அமேசான் காட்டு வம்சத்தைச் சேர்ந்தவை. ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட மாதங்களில் ரப்பர் மரம் இலைகளை உதிர்த்து, நீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ளும். ரப்பர் நின்ற நிலம் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. அது இலை உதிர்ப்பதில்லை. குருத்தோலைகள் விரியாமல் ஈட்டிபோல் நிற்கும்; பெண்பூ குறைந்து ஆண்பூ மிகும். அதனால் குலை குறைவது ஏறத்தாழ இரண்டாண்டு கழித்தே தெரியவரும்.

ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் கதை வேறு. அங்கே மண் மிகக் குறைவு. பெய்த மழை பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். எனவே அடிவாரம் பச்சையாக இருக்கும்போதே உச்சியில் செடிகள் வாடும். சில சிறு செடிகள் இலை சுருண்டு காய்ந்ததுபோல் கிடந்து, மழை விழுந்ததும் மீண்டும் விரியும்.

ஒரே வட்டாரம், ஒரே மழை. தாகம் மட்டும் மூன்று விதம்.

ரப்பர் மரம் புதிய இலை விடும்போது, சேமித்து வைத்த உணவைச் செலவழிக்கிறது. அந்நேரம் கடுமையாக வெட்டினால் மரம் நலிந்துபோகும். இலை முற்றும்வரை ஓய்வு கொடுப்பதே நல்லது. ஆனால், பால் எடையை நம்பியிருந்த குடும்பத்திற்கு அந்த ஓய்வு வருமானக் குறைவாகவே வந்து சேர்ந்தது. மரத்தின் தாகம் தொழிலாளியின் அடுப்படியிலும் தெரிந்தது. இன்றும் சொந்தமாக ரப்பர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்கள், கத்தியை எடுக்குமுன் இலையை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பது நன்று.