கடலடி ஒளிப்படம்: கருவியும் வில்லையும் தேரும் முறை

திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயம் கடலின் கொடைகளாக முத்தையும் பவளத்தையும் ஒருசேரக் குறிப்பிடுகின்றது. அவ்விரண்டும் ஒருங்கே விளைந்த கடற்பகுதி நம் மன்னார் வளைகுடா. கொற்கை முத்தின் சிறப்பைச் சங்க நூல்கள் பேசுகின்றன. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம் பெருமக்கள் முத்துக்குளிப்பிலும் முத்து வாணிகத்திலும் நெடுங்காலம் ஈடுபட்டிருந்தனர். கல்லின் கனத்தால் ஆழம் சென்று, ஒரு மூச்சு அடங்கும் நேரம் கடலடியில் இருந்து மீண்டோர் கண்ட காட்சியைக் கரையிலிருந்தோர் கேட்டறிந்தனரேயன்றிக் கண்டறிந்திலர். இன்று அக்காட்சியைக் கரைக்குக் கொணர்வது ஒளிப்படக் கருவி.

'புகைப்படம்' என வழங்குதல் பெருவழக்கு. ஆயினும் புகைக்கும் இக்கலைக்கும் தொடர்பில்லை. ஒளியால் எழுதுதல் என்பதே மூலச்சொல்லின் பொருளாதலின் ஈண்டு ஒளிப்படம் என்றே எழுதுகிறேன்.

தமிழாசிரியனுக்கு இத்துறையில் யாது வேலை என வினவலாம். நம் கல்லூரி விலங்கியல் துறையினர், வனத்துறையின் இசைவுடன், மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளை ஆண்டுதோறும் படமெடுத்து ஒப்பிட விழைந்தனர். கருவி வாங்கும் குழுவில் பிற துறையார் ஒருவர் இருத்தல் வேண்டும் என்னும் வழக்கப்படி யானும் அமர்ந்தேன். முதலில் வந்த விலைப்புள்ளியில் புத்தம்புதிய, விலையுயர்ந்த கருவியொன்று முதலிடம் பெற்றிருந்தது. ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று. எஞ்சியது நீர்புகாக் கூட்டுக்குச் சரியாக இருந்தது. வில்லை, கருவியோடு இலவசமாக வரும் பொதுவகை வில்லை. விளக்கு இல்லை. கையொப்பமிட எல்லாரும் எழுதுகோலை எடுத்துவிட்டனர். "விளக்கின்றிக் கடலடியில் என்ன தெரியும்?" என அறியாமையால் யான் கேட்ட ஒரு கேள்வியே அதனை நிறுத்தியது. அதன்பின் மூன்று திங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். கடற்கரையூரிற் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் மறையாது சொல்லிவிடுகிறேன்.

நீர் செய்யும் இரண்டு வேலைகள்

நிலத்தில் படமெடுப்போனுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள காற்றைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. நீரோ நடுவே நின்று இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று நிறத்தைத் திருடுவது. மற்றொன்று ஒளியை வளைப்பது.

கதிரவன் ஒளியிலுள்ள செந்நிறத்தையே கடல்நீர் முதலில் உறிஞ்சும். ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரிதும் மங்கிவிடும். அதனினும் ஆழத்தில் செம்மஞ்சளும், பின்னர் மஞ்சளும் குன்ற, நீலமும் பச்சையுமே எஞ்சும். இங்குப் பலரும் மறக்கும் செய்தி ஒன்றுண்டு. ஆழம் மட்டுமே கணக்கன்று. பொருளிலிருந்து வில்லைவரை ஒளி கடக்கும் கிடைத்தொலைவும் சேர்த்தே எண்ணப்பெறும். 3 மீட்டர் ஆழத்தில் 4 மீட்டர் தள்ளி நின்று எடுப்பவன், நிறத்தைப் பொறுத்தவரை 7 மீட்டர் நீரின் ஊடே எடுத்தவனாவான்.

இது அழகுபற்றிய செய்தியாக மட்டும் இருப்பின் அத்துணை வற்புறுத்த வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளுத்தன. பவள உயிரியினுள் வாழும் நுண்பாசிகளே அதற்குப் பழுப்பு நிறத்தைத் தருவன. வெப்பத்தால் அப்பாசிகள் வெளியேறியதும் வெண்ணிறச் சுண்ணாம்புக்கூடு மேலே தெரிகின்றது. இதுவே வெளுத்தல். பழுப்பா, வெளிறலா, வெள்ளையா என நிறத்தைக் கொண்டே பவளத்தின் நலம் கணிக்கப்பெறும். விளக்கின்றி எடுத்த படத்தில் நலமுள்ள பவளம் சாம்பல் பச்சையாகவும், வெளுத்த பவளம் வெளிர்நீலமாகவும் தோன்றும். இடைப்பட்ட நிலையை யாரும் துணிந்து சொல்ல இயலாது. சான்றாக நிற்க வேண்டிய படம் பொய்ச்சான்றாகிவிடும். பத்தாண்டு கழித்து ஒப்பிட வரும் மாணவன் அதனை நம்பிக் கணக்கெழுதுவான். ஆதலின் மின்னொளி விளக்கு நம் பட்டியலில் துணைப்பொருளன்று, முதற்பொருள். படத்தினுள் ஓர் அளவுகோலும் நிற அட்டையும் வைத்தெடுத்தல் அதன் உடன்பிறப்பு.

இனி ஒளி வளைதல். காற்றினின்று நோக்க நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33, அதாவது மூன்றில் நான்கு. தட்டைக் கண்ணாடிவழி நீரினுள் நோக்கின் 1 மீட்டரில் உள்ள பொருள் 75 சென்டிமீட்டரில் உள்ளதுபோலவும், மூன்றிலொரு பங்கு பெருத்தும் தோன்றும். ஒளிவிலகலின் விதியைப் பக்தாதில் வாழ்ந்த இப்னு ஸஹ்ல் 984-ஆம் ஆண்டளவில் வடிவியல் முறையில் கையாண்டுள்ளார். அடுத்த நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலில் காட்சியின் இயல்பை ஆய்வு வழியே நிறுவினார். அவரே கேமராவைக் கண்டுபிடித்தார் என மேடைகளில் முழங்குவோர் உளர். இருட்டறையில் சிறுதுளை வழியே விழும் உருவை ஆராய்ந்தவர் என்பதே அவர் பெருமைக்குப் போதும், இல்லாததைக் கூட்டவேண்டுவதில்லை.

தட்டையும் குவிமாடமும்

கருவி நீர்புகாக் கூட்டினுள் இருக்க, வில்லையின் முன் ஒரு கண்ணாடி முகப்பு நிற்கும். இதனைப் 'போர்ட்' என்பர். அது தட்டையாயின் அகலக்கோண வில்லையின் அகலம் சுருங்கும். 28 மில்லிமீட்டர் வில்லை 37 மில்லிமீட்டர் வில்லைபோல் ஆகிவிடும். படத்தின் ஓரங்களில் நிறம் பிரிந்து விளிம்பு கட்டும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தைக் கண்ணாடி தின்றுவிடுகின்றது.

இதற்கு மாற்று, நம் பள்ளிவாசல் குவிமாடத்தை ஒத்த அரைக்கோள முகப்பு. வில்லையின் நுழைதுளை நடுவம் குவிமாடத்தின் மையத்தில் அமையின், எத்திசையிலிருந்து வரும் ஒளியும் கண்ணாடியைச் செங்குத்தாகவே தொடும். ஆதலின் வளையாது செல்லும். இழந்த அகலம் மீளும். ஆனால் குவிமாடத்திற்கும் ஒரு குணம் உண்டு. நீரும் குவிமாடமும் கூடி ஒரு வில்லையாகி, மிகத்தொலைவிலுள்ள பொருளின் மாயவுருவைக் குவிமாடத்திற்கு மிக அண்மையில், அதன் ஆரத்தைப் போல் மும்மடங்குத் தொலைவில் நிறுத்திவிடும். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள குவிமாடத்தில் கடலின் அந்தமே கண்ணாடியிலிருந்து 30 சென்டிமீட்டரில் நிற்கும்! எனவே மிக அருகிற் குவியும் திறனில்லாத வில்லை, அது எத்துணை விலையுயர்ந்ததாயினும், குவிமாடத்தின் பின் குருடாகவே இருக்கும். கடைக்காரர் நிலத்தில் காட்டும் மாதிரிப் படங்கள் இதனைச் சொல்லமாட்டா.

மாயவுரு வளைந்த பரப்பாக நிற்பதால், நேர்கோட்டு அகலக்கோண வில்லைகளில் படத்தின் மூலைகள் மங்கும். அதனைத் தவிர்க்கப் பெரிய குவிமாடமும், எஃப் 11 போன்ற சிறுதுளையும் வேண்டும். பெரிய குவிமாடம் காற்றை மிகுதியாகக் கொண்டிருப்பதால் கருவியின் முகம் நீரில் மேல்நோக்கி எழும். மூழ்குவோன் கை ஓயும்.

கயல்விழி

இவ்விடர்கள் பலவற்றிற்கும் எளிய விடையாக வாய்த்தது மீன்விழி வில்லை. அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வுட் 1906-இல், நீருள் இருக்கும் மீனுக்கு மேலுலகு முழுதும் ஒரு வட்டத்துள் அடங்கித் தோன்றுமாற்றை விளக்கி இப்பெயருக்கு வழிவகுத்தார். நம் புலவர்கள் மகளிர் கண்ணுக்கு உவமையாக்கிய கயலை, இவர் கயலின் கண்ணாகவே எண்ணிப் பார்த்தார். 180 பாகை வரை காணும் இவ்வில்லை முகப்பைத் தொடுமளவு அண்மையிலும் குவியும். நேர்கோடுகளை வளைப்பது நிலத்தில் இதன் குறை. கடலடியில் நேர்கோடு ஏது? சிறு குவிமாடமே இதற்குப் போதுமானதாதலின் பவளத்தின் அருகே முகப்பைக் கொண்டுசெல்லலாம்.

மன்னார் வளைகுடா நீர் பெரும்பாலும் கலங்கல் உடையது. கலங்கல் நீரில் ஒரேயொரு மருந்துதான் உண்டு. அது நெருங்கிச் செல்லுதல். முகப்புக்கும் பொருளுக்கும் இடையே 1 மீட்டருக்கு மேல் நீர் இருத்தலாகாது. மின்னொளியும் அதற்கப்பால் பெரிதும் பயன்படாது. விளக்கு வில்லைக்கு அருகே இருப்பின் நீரில் மிதக்கும் துகள்கள் ஒளிர்ந்து படமெங்கும் பனிபொழிந்தாற்போல் ஆகும். ஆதலின் நீண்ட கைகளில் இரு விளக்குகளை இருபுறமும் விலக்கிப் பொருத்துவர். அகன்று காணவும் வேண்டும், நெருங்கி நிற்கவும் வேண்டும் என்னும் இரு முரணான தேவைகளை ஒருங்கே நிறைவேற்றுவது மீன்விழி.

மற்றொரு முனையில் நிற்பது 'மேக்ரோ' எனப்பெறும் அண்மை வில்லை. கடற்குதிரை, பவளத்தின் தனி உயிரி போன்றவற்றை உணரியின்மேல் இயல்பளவிலேயே விழச்செய்யும் 60 அல்லது 100 மில்லிமீட்டர் வில்லை இதற்கு ஏற்றது. இங்குத் தட்டை முகப்பே நன்று. கோணம் சுருங்குதல் ஈண்டு இழப்பன்று, உருப்பெருக்கமாகவே உதவும். இடைப்பட்ட பொதுவகை வில்லை, நிலத்தில் எல்லாவற்றுக்கும் ஆவது, நீரில் எதற்கும் முழுமையாக ஆவதில்லை.

கூடும் கருவியும்

1893-இல் பிரான்சின் பன்யூல்ஸ் கடலில் லூயி பூத்தான் தம் கருவியைப் பெட்டியுள் வைத்து இறக்கினார். சில படங்களுக்கு அரைமணி நேரம் வரை ஒளி விழ வேண்டியிருந்தது. பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் ழான் தெ வூத்தெர் வடிவமைத்த 'கலிப்ஸோ', 1963 முதல் 'நிக்கோனோஸ்' என்னும் பெயரில் நிக்கான் நிறுவனத்தால் விற்கப்பெற்றது. கூடே தேவையற்ற அக்கருவிக்கு நீரைத் தொட்டே பணிபுரியும் வில்லைகளும் இருந்தன. 2001-இல் அவ்வரிசை நின்றுபோயிற்று. இன்று பெரும்பாலோர்க்குக் கூடே கதி.

கூடு ஒரு கருவிக்கென்றே வார்க்கப்பெறும். வேறு கருவிக்குப் பொருந்தாது. அதன் விலை பல வேளைகளில் கருவியின் விலைக்கு நிகர், சில வேளைகளில் மிகுதி. எனவே கருவியை மாற்றுவோன் இருமுறை பணம் கொடுக்கிறான். முகப்புகளும் விளக்குகளும் வில்லைகளும் நெடுநாள் உடன்வருவன. இவ்வுண்மையை உணர்ந்தோர் முதலில் எதனைப் படமெடுப்பது என்பதையும், பின் வில்லையையும், அதற்குரிய முகப்பையும் விளக்கையும் தேர்வர். கருவியின் உடல் அவர்தம் பட்டியலில் இறுதியில் வரும்.

2020-க்குப் பின் நிக்கான், கேனான் இரண்டும் கண்ணாடி மடிப்புள்ள பழைய வகையில் புதுக்கருவி வெளியிடவில்லை. கண்ணாடியில்லா வகையே வளர்கின்றது. மாறுவோர் ஒன்றை நோக்க வேண்டும். கடலடியில் பெயர்பெற்ற டோக்கினா 10-17 மில்லிமீட்டர் மீன்விழி வில்லையின் நிக்கான் வடிவத்தில் தானே குவிக்கும் மின்பொறி இல்லை. கருவியிலுள்ள பொறியே அதனைத் திருகும். நிக்கானின் புதிய வகைக்கு இடையிணைப்பு வைத்து மாட்டினால் படம் விழும், தன்குவிவு வராது. தடித்த கூட்டினுள் கையால் குவிப்பது எத்துணைத் துன்பம் என்பதை மூழ்குவோரே அறிவர். நிக்கானின் 8-15 மில்லிமீட்டர் மீன்விழிக்கு இக்குறை இல்லை. கேனானின் 8-15 மில்லிமீட்டரும் இடையிணைப்புடன் அதன் புதிய வகையில் நன்கு இயங்கும். புதுக்கருவி வாங்குமுன் தம் வில்லை அதனுடன் பேசுமா என வினவாதோர் பின்னர் வில்லையையும் விற்க நேர்கின்றது.

எங்கள் குழு இறுதியில் பெரிய கருவியையே கைவிட்டது. விலங்கியல் துறை நண்பர்க்கு இதில் முதலில் மனமில்லை. தொகையைப் பகுத்துக் காட்டியபின் இசைந்தார். ஓ.எம். சிஸ்டம் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட டி.ஜி.7 என்னும் சிறுகருவி கூடின்றியே 15 மீட்டர் வரையும், அதற்குரிய கூட்டினுள் 45 மீட்டர் வரையும் செல்லும். வில்லையிலிருந்து 1 சென்டிமீட்டரில் உள்ள பொருளையும் குவிக்கும். உணரி சிறியது, மங்கிய ஒளியில் படம் பொரிந்து தோன்றும். இரு விளக்குகளை உடன்வைத்தால் அக்குறை பெரும்பாலும் நீங்கும். கூட்டின்மேல் நீருக்குள்ளேயே மாட்டவும் கழற்றவும் வல்ல அகலக்கோண வில்லையொன்றும் சேர்த்தோம். விளக்குகள் ஒளியிழை வழியே இயங்குவன. நாளை பெரிய கருவி வாங்கினும் அவையே உதவும். முதல் விலைப்புள்ளியினும் செலவு குறைவு.

இறுதியாக ஒன்று. கூட்டின் மூடியில் கருநிற ரப்பர் வளையம் ஒன்றுண்டு. 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் ஏறுவதால், வளையத்தின்மேல் கிடக்கும் ஒரு தலைமயிரோ ஒரு மணலோ கூட்டினுள் கடலை விடப் போதும். அதனை மென்துணியால் துடைத்து, உரிய பசையைச் சிறிதே தடவி, விரலால் சுற்றித் தடவிப் பார்த்து மூடவேண்டும். முதன்முறை இறக்கும்போது கருவியை உள்ளே வையாது, உலர்ந்த தாளொன்றை மட்டும் வைத்து, மூழ்கும் ஆழம்வரை கொண்டுசென்று அரைமணி கழித்துத் திறந்து பார்த்தல் வேண்டும். கரையேறியதும் நன்னீரில் ஊறவைத்துப் பொத்தான்களை அழுத்தி உப்பைப் போக்கிய பின்னரே மூடியைத் திறக்கலாம்.