லென்சுக்குள் வலை பின்னும் பூஞ்சை! கல்வராயன் மலை ஏறும் கேமராக்காரர்களே, உஷார்!

கள்ளக்குறிச்சி,

கேமரா கெட்டுப்போக அது கீழே விழ வேண்டியது இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டினாலே போதும்.

மழைக்காலம் முடிந்து வெளியே எடுத்துப் பார்த்தால், லென்சுக்குள் சிலந்தி வலை கட்டியதுபோல் வெள்ளை நூல் ஓடும். அதுதான் பூஞ்சை! 50 ஆயிரம் ரூபாய் லென்ஸ் என்றாலும் அது விட்டுவைக்காது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் போட்டோ தொழில் செய்கிறவர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. தை, மாசி, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் சம்பாதித்தால்தான் ஆடி, மார்கழியில் அடுப்பு எரியும். பலர் கேமராவைத் தவணைக்கு வாங்குகிறார்கள். கேமரா படுத்துவிட்டாலும் தவணை படுக்காது. மாதம் பிறந்தால் கட்டித்தான் ஆகவேண்டும்.

மேலே குளிர், கீழே புழுக்கம்

2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது கள்ளக்குறிச்சி. இந்த மாவட்டத்தின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்கிறது கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், மேகம் நீர்வீழ்ச்சி, பெரியார் நீர்வீழ்ச்சி என்று படம் பிடிக்க வருகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. கல்யாணம் பேசி முடித்த ஜோடிகளும் இப்போது மலைக்கு வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். மலையில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த கேமராவைக் காலையில் கீழே கொண்டுவந்து, புழுக்கத்தில் பையைத் திறந்தால் என்ன ஆகும்? ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்க்குமே, அதேதான் ஆகும். கண்ணாடி வேர்க்கும். கேமராவுக்கு உள்ளேயும் வேர்க்கும். வெளியே வேர்த்ததைத் துடைக்கலாம். உள்ளே வேர்த்ததை யார் துடைப்பது?

நீர்வீழ்ச்சிப் பக்கம் போனாலோ சாரல். பனி இறங்கினால் துணிமணியே ஈரம். இத்தனை ஈரத்தையும் குடித்துவிட்டு வருகிற கேமராவை அப்படியே தோல் பையில் போட்டு, பீரோவில் அடைத்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி.

மண்டபத்திலும் இதே வம்பு

மலைக்கே போகாதவர்களும் தப்பிக்க முடியாது. ஏ.சி. மண்டபத்தில் இரண்டு மணி நேரம் படம் பிடித்துவிட்டு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாசலுக்கு ஓடி வருவார் போட்டோகிராபர். லென்ஸ் பனி மூடியதுபோல் ஆகிவிடும். ஊர்வலம் போய்விடும். படம் எல்லாம் புகை மூட்டம்!

வழி இருக்கிறது. வெளியே வருவதற்கு முன்னாலேயே, உள்ளே வைத்தே கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் இன்னும் நல்லது. வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். வெளிச்சூட்டுக்குக் கேமரா மெல்லப் பழகிவிடும். அதற்குள் ஊர்வலம் வந்துவிட்டால்? அதற்குத்தான் இன்னொரு கேமராவை ஏ.சி.க்கு வெளியே தயாராக வைக்க வேண்டும் என்கிறது தொழில் அனுபவம்.

பூஞ்சை எப்படி வருகிறது?

பூஞ்சையின் விதைத்துகள் காற்றில் எங்கும் மிதக்கிறது. அதைத் தடுக்க யாராலும் ஆகாது. ஆனால் அது முளைக்க மூன்று வேண்டும்: ஈரம், இருட்டு, காற்றோட்டம் இல்லாத இடம். காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். கண்ணாடி மேல் படிந்த தூசியும், கைவிரல் எண்ணெய்ப் பிசுக்கும்தான் அதற்குச் சாப்பாடு.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்காது. அமிலத்தைக் கக்கும். லென்ஸ் மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சை அந்த அமிலம் அரிக்கும். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் மெக்கானிக் கழற்றித் துடைத்துக் கொடுப்பார். அரித்த பிறகு தூக்கிப் போனால் பூஞ்சை போகும், வடு போகாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்!

கண்டுபிடிப்பது சுலபம். லென்சைக் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பார்க்க வேண்டும். புள்ளியோ, நூலோ தெரிந்தால் அந்த லென்சை மற்றவற்றோடு சேர்த்து வைக்கக்கூடாது. பழைய லென்ஸ் வாங்குகிறவர்களும் இந்த டார்ச் சோதனை செய்யாமல் காசை நீட்டக்கூடாது.

சோற்று டப்பா போதும்

இதற்கென்றே மின்சாரத்தில் ஓடும் ஈரம் நீக்கும் பெட்டி விற்கிறது. விலை பல ஆயிரம். வசதி இல்லாதவர்களுக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே சிலிக்கா ஜெல் மூட்டை. கூடவே ஈரம் காட்டும் சின்ன மீட்டர். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மீட்டர் முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அடியோடு காய்ந்து போனாலும் ஆகாது. உள்ளே இருக்கும் ரப்பர், மசகு எண்ணெய் எல்லாம் வறண்டுவிடும்.

நீல ஜெல் ஈரம் குடித்தால் ரோஸ் நிறம் ஆகும். ஆரஞ்சு ஜெல் பச்சை ஆகும். நிறம் மாறினால் சூடு காட்டிக் காயவைத்து மறுபடியும் போடலாம். ஆனால் சமையல் சட்டியில் போட்டு வறுக்கக்கூடாது. நீல ஜெல்லில் இருப்பது கோபால்ட் உப்பு. உடம்புக்கு ஆகாது. பிள்ளைகள் கைக்கும் எட்டக்கூடாது.

இதைவிட நல்ல மருந்து ஒன்று உண்டு. காசே இல்லை. வாரம் ஒரு தடவை கேமராவை எடுத்து நாலு படம் பிடியுங்கள்! வெளிச்சமும் காற்றும் படுகிற லென்சில் பூஞ்சை சுலபத்தில் ஒட்டாது.

வேட்டி நுனியால் துடைக்காதீர்கள்

தூசி அடுத்த எதிரி. கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலைகள் இருக்கின்றன. மரச் சிற்பப் பட்டறைகள் இருக்கின்றன. தவிட்டுத்தூளும், மரத்தூளும் காற்றில் பறக்கும்.

உளுந்தூர்பேட்டை தாலுகாவில் உள்ள கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோவில் திருவிழா நடக்கும். ஊர் ஊராகப் போட்டோகிராபர்கள் வந்து குவிவார்கள். வெயில், புழுதி, கற்பூரப் புகை! அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு லென்சை மாற்றினால் புழுதி நேராக சென்சாரில் போய் உட்காரும். பிலிம் கேமராவில் ஒரு படம் எடுத்ததும் பிலிம் நகர்ந்துவிடும். தூசியும் அதோடு போகும். டிஜிட்டலில் சென்சார் நகராது. இன்று விழுந்த தூசி நாளைய கல்யாணப் படத்திலும் கரும்புள்ளியாக வந்து நிற்கும்.

லென்சை மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மின்விசிறிக்கு அடியில் மாற்றக்கூடாது. புள்ளி இருக்கிறதா என்று பார்க்க, துவாரத்தை எப் 16 அல்லது 22-க்கு வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

லென்ஸ் துடைப்பதற்கும் முறை உண்டு. முதலில் ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடிக்க வேண்டும். பிறகு மென்மையான பிரஷ். அதற்கும் போகாத கறைக்குத்தான் துணி. மருந்தைத் துணியில் விட வேண்டும், கண்ணாடியில் விடக்கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, கைக்குட்டை எதுவும் உதவாது. அதில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், லென்சில் கோடு போட!

கேமராவின் கண்ணைப் பறிக்கும் லேசர்

வரவேற்பு மேடையிலும், டி.ஜே. ஊர்வலத்திலும் பச்சை, நீல லேசர் விளக்குகள் சுழலுகின்றன. பார்க்க ஜோர்! அந்தக் கதிர் நேராக லென்சுக்குள் நுழைந்தால் ஒரு நொடியில் சென்சாரில் கோடு விழுந்துவிடும். அது அழியாத கோடு. சென்சாரையே மாற்ற வேண்டியதுதான். வாரண்டியும் பெரும்பாலும் கைகொடுக்காது. முன்பணம் வாங்கும்போதே "லேசர் உண்டா?" என்று கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

அரிசி வைத்தியம் பலிக்காது

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து வந்த பெருமழையில் தென்பெண்ணை ஆறு கரை புரண்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வீடு, கடைகளில் வெள்ளம் புகுந்தது. இப்படிப்பட்ட வேளையில் நனைந்த கேமராவை என்ன செய்வது?

பலரும் செய்யும் முதல் தப்பு, "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடுவது. அங்கேதான் ஷார்ட் ஆகிக் கேமரா சாகும். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அடுத்து கார்டை எடுக்க வேண்டும். லென்சைக் கழற்றித் தனியாகக் காயவைக்க வேண்டும். ஹேர் டிரையர் சூடு ஆகாது. பிறகு நேராக மெக்கானிக்கிடம் போக வேண்டும். சேற்றுத்தண்ணீர் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. உள்ளே பச்சைக்களிம்பு ஏறிவிடும்.

அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தால் ஈரம் போகும் என்பார்கள். அரிசிக்கு அவ்வளவு சக்தி இல்லை. அதன் தூசியும் மாவும் இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்ளும். அரிசி ஆலை ஊரிலும் அரிசி சோற்றுக்குத்தான்!

பேட்டரி விஷயத்திலும் கஞ்சத்தனம் கூடாது. போலி பேட்டரி உப்பிக்கொண்டு கேமராவுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்பிய பேட்டரியை அமுக்கவோ, குத்தவோ, நெருப்பில் போடவோ கூடாது. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் ஆபத்து.

36 படமா, முழு கல்யாணமா?

டிஜிட்டல் கேமராவின் கதை 1975-ம் ஆண்டு அமெரிக்காவின் கோடக் கம்பெனியில் தொடங்கியது. ஸ்டீவன் சாசன் என்ற என்ஜினீயர் செய்த முதல் கேமரா, ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் டிஜிட்டல் அலை பிலிமை அடித்துக்கொண்டு போனது. 2012-ம் ஆண்டு கோடக்கே கடன் தாங்காமல் கோர்ட்டுக்குப் போனது. 1960-ம் ஆண்டு ஊட்டியில் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது.

பிலிம் காலத்தில் ஒரு ரோல் தொலைந்தால் 36 படம் போகும். மற்ற ரோல் கையில் இருக்கும். இன்று நகம் அளவு கார்டு ஒன்று தொலைந்தால், நலங்கில் இருந்து தாலி கட்டு வரை மொத்த கல்யாணமும் கோவிந்தா! பெண்ணின் தகப்பனாருக்கு என்ன பதில் சொல்வது? இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியுமா?

படம் தொலைந்தால் வாடிக்கையாளர் சும்மா இருக்க வேண்டியது இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். ரசீது வேண்டும். அதனால் முன்பணம் கொடுக்கிறவர்கள் ரசீது கேட்டு வாங்க வேண்டும்.

கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் இரண்டிலும் பதிய வேண்டும். சிவப்பு விளக்கு எரியும்போது கார்டைப் பிடுங்கக்கூடாது. இரண்டு இடத்தில் காப்பி எடுக்காமல் கார்டை அழிக்கக்கூடாது. அதில் ஒரு காப்பி வேறு வீட்டில் இருப்பது நல்லது. தெரியாமல் அழித்துவிட்டால் பதற வேண்டாம். அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். புதுப் படம் மேலே பதியாத வரை, பழைய படங்களை அதற்கான மென்பொருள் மூலம் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

மலிவாக வந்தால் யோசியுங்கள்

பழைய கேமரா பாதி விலைக்கு வருகிறது என்றால் பில்லைக் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால், 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் தடவை என்று கம்பெனிகளே ஆயுள் கணக்குச் சொல்கின்றன. சீசனுக்கு நாற்பது கல்யாணம் பிடித்த கேமரா அந்தக் கணக்கைச் சீக்கிரமே முடித்திருக்கும்.

சொந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் அடியில் இருக்கும் நம்பரை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பஸ்சில் களவு போனால் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்!