மண்ணிடம் கேட்ட கேள்வி

நான் ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில், ஒரு நாள் உயிர்களின் கூர்ப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணாக்கன் ஒருவன் எழுந்து, "அதைக் கண்டவர் யார், ஐயா?" என்று வினவினான். "புத்தகத்தில் இருக்கிறது, உட்கார்" என்று அடக்கிவிட்டேன். வகுப்புச் சிரித்தது. அதன்பின் அவன் வினா எழுப்பவேயில்லை. அந்த மௌனம் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

அவன் கேட்டது நியாயமே. நடந்து முடிந்ததை மீண்டும் நடத்திக் காட்ட இயலாது. அவ்வாறாயின், சென்ற காலத்தை ஆராயும் விஞ்ஞானம் பரீட்சைக்கு உட்படுவது எங்ஙனம்? இன்ன பாறையில் இன்னது அகப்படும் என்று, தோண்டுமுன்னரே சொல்லிவிட வேண்டும். அதுவே பரீட்சை.

சுமார் 38 கோடி ஆண்டுப் பாறைகளில் செட்டையுடைய மீன்களின் உயிர்ச்சுவடுகள் கிடைத்திருந்தன; சுமார் 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் நான்கு காலுடைய உயிர்கள் கிடைத்திருந்தன. இடைப்பட்ட பாறைகளில் இரண்டின் இயல்பும் கலந்த உயிர் இருத்தல் வேண்டுமென அமெரிக்க ஆராய்ச்சியாளரான நீல் சூபினும் டெட் டேஷ்லரும் கருதினர். அவ்வயதுப் பாறைகள் கனடாவின் வடகோடித் தீவுகளில் வெளித்தெரிவதைப் பாடநூலொன்றின் படம் காட்டிற்று. 1999இல் தேடத் தொடங்கினர். முதலிற் சென்ற இடம் ஆழ்கடற் படிவாய் இருந்தமையாற் பயனில்லை. பின்னர், பண்டை ஆறுகள் படியவிட்ட எல்ஸ்மியர் தீவுப் பாறைகளை நாடினர். 2004இல் தட்டைத் தலையொன்று பாறையினின்றும் எட்டிப் பார்த்தது. செதிலும் செட்டையும் மீனுக்குரியன; அசையும் கழுத்தும், செட்டையினுள் மணிக்கட்டை ஒத்த எலும்புகளும் தரைவாழ் உயிர்க்குரியன. அந்நிலத்து இனுயிட் மக்களின் மொழியில் நன்னீர்ப் பெருமீனைக் குறிக்கும் 'டிக்டாலிக்' என்ற சொல்லே அதற்குப் பெயராயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. சுமார் 39 கோடி ஆண்டுப் பழைமையான காலடித் தடங்கள் போலந்து நாட்டிற் கிடைத்ததாக 2010இல் அறிவிக்கப்பட்டது. அது மெய்யாயின், காலுடைய உயிர்கள் டிக்டாலிக்கிலும் மூத்தவை. டிக்டாலிக் மூதாதையின் சாயலைத் தாங்கிப் பிற்காலத்தும் வாழ்ந்த உறவினமே. உருவத்தைப் பற்றிய கூற்று நிலைத்தது. காலத்தைப் பற்றிய கூற்று மறுவிசாரணைக்கு வந்தது. இது விஞ்ஞானத்துக்கு இழுக்கன்று. தோற்கக்கூடிய கூற்றுக்கே வெற்றியும் உண்டு.

அந்த மாணாக்கன் இன்று எங்கிருக்கின்றானோ! அவன் எதிர்ப்பட்டால் இப்படிச் சொல்வேன்: "ஒருவரும் காணவில்லை, தம்பி. ஆனால், எங்கே தோண்டினால் எங்கள் பிழை வெளிப்படுமோ, அங்கேயே தோண்டினார்கள்."