வாசலில் நின்று கூப்பிடும் பெயர்

மலேசியாவில் எந்தத் தாமானுக்குள் போய் "மைலோ" என்று கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு கேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் எட்டிப் பார்க்கும். பழுப்பு நிறக் குட்டி என்றாலே அந்தப் பெயர்தான். பச்சை டின்னில் வரும் பானத்தின் பெயர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பது பலருக்குத் தெரியாது. 1934-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மெய்ன் என்பவர் உருவாக்கிய அந்தப் பானத்துக்கு, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மல்யுத்த வீரர் மைலோவின் பெயரை வைத்தார்கள். அவர் கிரேக்கர். ஆனால் அவருடைய ஊரான குரோத்தோன் இன்றைய இத்தாலியின் தெற்கே, கலாப்ரியாவில் இருக்கிறது. என் மகள் நாய்க்குட்டிக்கு இத்தாலியப் பெயர்தான் வேண்டும் என்று நின்றபோது, "அப்படியானால் பாதித் தெருவுக்கு ஏற்கெனவே வைத்தாகிவிட்டது" என்றேன்.

மகள் பங்சாரில் ஒரு காபிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க இத்தாலியச் சொற்கள்தான் அவள் வாயில். நான் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் சேலையும் சட்டைத் துணியும் விற்கிறேன். வீடு செந்தூலில். குட்டி, அம்பாங்கில் விலங்குகள் காப்பகத்திலிருந்து வந்த கறுப்புக் கம்போங் நாய், பெண். வீட்டில் என் அம்மாவும் இருக்கிறார். அவர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். துரை பங்களா நாய்க்கு ஜிம்மி என்று பெயர் இருந்தால், லயத்து நாய்க்கும் அதே ஜிம்மிதான்; டைகர், பிளாக்கி, டோமி எல்லாம் அப்படி வந்தவை. "புதுசா என்னத்துக்கு வாய்ல நுழையாத பேரு?" என்பது அம்மாவின் கேள்வி.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடியபோதுதான், நம் வாய்க்கு இங்கிலீஷ் பெயரைவிட இத்தாலியப் பெயர் எவ்வளவு சுலபம் என்று புரிந்தது. ரெக்ஸ் என்று வைத்தால் அம்மா "ரெக்ஸு" என்பார். மாக்ஸ் "மாக்ஸு" ஆகும். ஸ், ட் போன்ற மெய்யில் மொட்டையாக முடியும் பெயரோடு ஓர் உகரத்தைச் சேர்த்தால்தான் பேச்சுத் தமிழுக்கு நிம்மதி. இத்தாலியப் பெயர்களில் பெரும்பாலானவை உயிரொலியில்தான் முடிகின்றன: புரூனோ, நேரோ, பெல்லா, ஸ்டெல்லா, பியாங்கா. ஆணுக்கு ஓ, பெண்ணுக்கு ஆ என்பது பொது வழக்கம். விலக்குகளும் உண்டு. ஆண்ட்ரியா என்றால் நமக்குப் பாடகி ஆண்ட்ரியா நினைவுக்கு வருவார். இத்தாலியில் அது ஆண்பிள்ளைப் பெயர். லூக்காவும் அப்படியே. பெல்லா, ரொக்கோ, ஒட்டோ போன்ற பெயர்களில் அவர்கள் மெய்யை இரட்டித்து அழுத்திச் சொல்வது, பல்லி, பக்கம், தட்டு என்று பேசிப் பழகிய நமக்குத் தானாக வரும்.

இதில் என்னை நெகிழவைத்த ஒரு செய்தி உண்டு. ரொக்கோ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். முதலில் குறில் ஒகரம், கடைசியில் நெடில் ஓகாரம். ஓலைச்சுவடிக் காலத்தில் இந்த இரண்டையும் ஒரு புள்ளிதான் பிரித்துக் காட்டியது. ஓலை கிழியும் என்று அந்தப் புள்ளியையும் பலர் வைப்பதில்லை. எ-ஏ, ஒ-ஓ இவற்றுக்கு இன்று நாம் எழுதும் தனித்தனி வடிவங்களைத் தந்த பெருமை வீரமாமுனிவரைச் சேரும். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-இல் வட இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்து, 1711-இல் தமிழகம் வந்து, தேம்பாவணி பாடிய அதே பாதிரியார். செந்தூல் வீட்டு நாய்க்கு வைக்கும் இத்தாலியப் பெயரைப் பிழையில்லாமல் எழுத ஓர் இத்தாலியரே நமக்கு எழுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி நாயின் காது. இரண்டு அசையில் பெயர் இருந்தால் நல்லது என்று நாய் பழக்குபவர்கள் பலர் சொல்கிறார்கள். 2020-இல் ஹங்கேரியின் எய்ட்வெஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தார் வீட்டு நாய்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள். தனக்குத் தெரிந்த சொல்லையும் முற்றிலும் வேறான பொருளற்ற சொல்லையும் நாயின் மூளை பிரித்துக் காட்டியது. ஓர் ஒலி மட்டும் மாறிய சொல்லில் அந்த வேறுபாடு தெரியவில்லை. நம் வீடுகளுக்கு இது மிகவும் பயன்படும் செய்தி. வீட்டில் மீனா என்று ஒரு பெண் இருந்தால் நாய்க்கு நீனா வேண்டாம். யாரைக் கூப்பிட்டாலும் ஓடிவந்து நிற்கும். பிறகு அதைக் கோபித்துப் பயனில்லை.

ஆனால் நான் அதிகம் யோசித்தது அண்டை வீட்டுக் காதுகளைப் பற்றி. நாயின் பெயரை வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடுகிறோம், தெருவே கேட்கிறது. கோலாலம்பூர் தெருவில் அந்தப் பெயர் மூன்று நான்கு மொழிகளில் விழும். நம் ஊர்ப் பழைய பெயர்களையே பாருங்கள். ராஜா என்பது இங்கே அரச குடும்பத்தார் பெயருக்கு முன்னால் வரும் பட்டம். மணி என்பதற்கு மலாயில் வாசலில் நின்று சொல்லக் கூடாத பொருள். மகளின் பட்டியலையும் இப்படித்தான் சலித்தோம். ஜீஜீ வேண்டும் என்றாள். கோல்கீப்பர் புஃபோனின் செல்லப்பெயர். ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தால் மலாய்க்காரர் அதைப் பல் என்று படிப்பார். நாய்க்குப் பயந்த குழந்தைகள் இருக்கும் தெருவில் நாய்க்குப் பல் என்று பெயர் எழுதுவானேன்? லூப்பா என்றாள், ரோம் நகரை உண்டாக்கிய இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்ததாகச் சொல்லும் பெண் ஓநாய். எனக்கும் பிடித்த கதை. மலாயில் லூப்பா என்றால் மறந்துபோவது. நேரா என்றால் கறுப்பி, குட்டியின் நிறத்துக்குப் பொருத்தம். ஆனால் மலாய்க்காரர் காதில் நெராக்கா, அதாவது நரகம், என்று பாதியாக விழும். சோஃபியா, மியா இரண்டும் அழகான பெயர்கள். எங்கள் வரிசையிலேயே அந்தப் பெயர்களில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு குழந்தையின் பெயரை நாய்க்கு வைக்கக் கூடாது. இதில் எனக்கு மறுயோசனையே கிடையாது.

மிகையாக யோசிக்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு இந்தியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2023 அக்டோபர் 4, உலக விலங்குகள் தினத்தன்று, ராகுல் காந்தி தம் தாயார் சோனியாவுக்குக் கோவாவிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜாக் ரஸ்ஸல் குட்டியைப் பரிசளித்தார். இத்தாலியில் பிறந்த சோனியாவின் வீட்டுக்கு வந்த குட்டிக்குப் பெயர் நூரி. அது முஸ்லிம் பெண் பிள்ளைகளின் பெயர், எங்கள் மனம் புண்படுகிறது என்று ஒவைசி என்ற அரசியல் தலைவரின் கட்சியைச் சேர்ந்த உத்தரப் பிரதேசப் பிரமுகர் ஒருவர் நீதிமன்றம் வரை போனார். அன்போடு வைத்த பெயர்தான், சந்தேகமில்லை. ஆனாலும் யாருக்கோ வலித்தது.

எங்கள் கடை இருக்கும் இடம் 1863-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலால் பெயர் பெற்ற தெரு. பக்கத்துக் கடை பாயும் நானும் ஒருவர் கடைக்குள் ஒருவர் போய்த் துணி எடுத்துக்கொள்கிற பழக்கம். ஈரமான நாய் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் என்பது அவர் பின்பற்றும் முறை. அதனால் குளித்து உடை மாற்றாமல் நான் கடைக்கு வருவதில்லை. வீட்டுக்கு நாய் வந்தது தெரிந்ததும் அவரே, "பேரு என்னக்கா வச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் சொல்லக்கூடிய பெயராக இருக்க வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன்.

பெயருக்கு அர்த்தம் சேர்வது அதைத் தாங்கும் நாயால் என்பதற்கு இத்தாலியிலேயே சாட்சி இருக்கிறது. ஃபீடோ என்பது நம்பிக்கைக்குரியவன் என்ற பொருளில் அங்கே நெடுநாளாக நாய்க்கு வழங்கும் பெயர். டஸ்கனியில் லூக்கோ தி முஜெல்லோ என்ற சிற்றூரில் கார்லோ சொரியானி என்ற செங்கல் சூளைத் தொழிலாளி, 1941-இல் சாலையோரப் பள்ளத்தில் அடிபட்டுக் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்து அந்தப் பெயரை வைத்தார். தினமும் பஸ் நிறுத்தம் வரை கூடவே போகும், மாலையில் வந்து காத்திருக்கும். 1943 டிசம்பர் 30 அன்று போர்கோ சான் லொரென்சோவில் விழுந்த குண்டுகளில் சொரியானி இறந்துபோனார். ஃபீடோ அதற்குப் பிறகும் 14 ஆண்டுகள் அதே நிறுத்தத்துக்கு வந்து பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1958 ஜூனில் அது இறப்பதற்கு முந்தைய ஆண்டே ஊரார் அதற்குச் சிலை வைத்துவிட்டார்கள். சாதாரணமான பெயர், தெருவில் கிடைத்த நாய். காப்பகத்து நாய்களை வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

எங்கள் குட்டிக்கு மோரா என்று வைத்தோம். கறுப்பாகப் பழுக்கும் ஒரு பழத்தின் பெயர். கருங்கூந்தல் பெண்ணையும் இத்தாலியர்கள் அப்படிச் சொல்வார்கள். அம்மாவுக்கு முதல் நாளே வாயில் நின்றது. "மோரா, சாப்பிட வா" என்று அவர் கூப்பிடும்போது, மோர் ஊற்றவா என்று கேட்பது போலவே இருக்கும். பாயிடம் சொன்னேன். "நல்ல பேரா இருக்குக்கா, ரோட்டுல நின்னு கூப்பிட்டாலும் யாருக்கும் சங்கடமில்ல" என்றார்.

நீங்களும் இத்தாலியப் பெயர் வைக்க நினைத்தால் தாராளமாக வையுங்கள். தடுப்பூசி அட்டையில் எழுதுவதற்கு முன், வீட்டில் வயதில் மூத்தவரை வாசலுக்கு அழைத்துவந்து அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடச் சொல்லுங்கள். குட்டியைக் கடையில் வாங்காதீர்கள். அம்பாங் காப்பகத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். கறுப்புக் கம்போங் நாய்கள் அங்கே இன்னும் நிறைய இருக்கின்றன.