ஏதிலியர்க்குச் சட்டத்துணை

பூந்தமல்லிச் சாலையில் கரையான்சாவடி, குமணன்சாவடி என இரண்டு ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். இன்று அங்கே மெட்ரோ இரயிலுக்கான தூண்கள் நிற்கின்றன; பெயர் மட்டும் பழமையை நினைவூட்டுகிறது. வந்தவனை யார், எவ்வூர் என்று கேட்குமுன் தண்ணீர் கொடுத்த காலம் அது. நாடுகளுக்கு எல்லையும், எல்லைக்குக் கடவுச்சீட்டும் வந்த பிறகு, 'உன் தாள் எங்கே?' என்பதே முதற்கேள்வி ஆயிற்று. கரையான்சாவடிக்கு அருகிலுள்ள பூந்தமல்லியிலேயே, இலங்கைத் தமிழர் சிலரை அடைத்து வைத்த 'சிறப்பு முகாம்' ஒன்று முன்பு இருந்தது என்பதை இப்பகுதிப் பெரியவர்கள் அறிவர்.

1983 ஆம் ஆண்டு சூலைக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்க்கு நம் மாநிலம் உணவளித்தது; உறைவிடம் தந்தது; அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வியும் தந்தது. 2021 இல் அரசு தெரிவித்த கணக்கின்படி 58,000க்கு மேற்பட்டோர் முகாம்களிலும், 34,000 பேர் அளவில் முகாம்களுக்கு வெளியிலும் வாழ்ந்தனர். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள முகாம்கள் நமக்குத் தொலைவில் இல்லை. அதே 2021 இல் 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. பெயர் மாறியது நன்றே. ஆயினும் முகாமில் பிறந்து வளர்ந்து பட்டமும் பெற்ற ஓர் இளைஞன் சட்டத்தின் கண்ணில் யார் என்னும் வினாவுக்கு விடை மாறவில்லை.

இதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றுண்டு. ஏதிலியர் குறித்த 1951 ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஏதிலியர்க்கெனத் தனிச்சட்டமும் நம்மிடம் இல்லை. எனவே சுற்றுலாவுக்கு வந்து விசாக் காலம் கடந்து தங்கியவரும், உயிருக்கு அஞ்சிப் படகேறி வந்தவரும் ஒரே சட்டத்தின் கீழ் 'வெளிநாட்டினர்' ஆகின்றனர். ஆனால் அரசியலமைப்பின் 14, 21 ஆம் உறுப்புகள் 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'எந்த ஒரு நபரும்' என்றே சொல்கின்றன. சக்மா மக்கள் வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தி, அவர்தம் உயிரைக் காப்பது அரசின் கடமை என்றது. அதே வேளையில், இந்நாட்டில் குடியிருக்கும் உரிமை வெளிநாட்டினர்க்கு இல்லை என்பதையும் நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. 2025 மே மாதத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைக் கேட்டபோது, இந்தியா ஒரு தருமசத்திரம் அன்று என்னும் கருத்தை உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாக வெளியிட்டது. சாவடிப் பெயர் தாங்கிய ஊரில் வாழும் நம்மை அச்செய்தி சற்று நேரம் வாளாவிருக்கச் செய்தது.

சட்டத்துணை என்றவுடன் கறுப்பு அங்கியும் நீதிமன்ற வாதமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நடைமுறையில் அதன் பெரும்பகுதி ஒரு தாளைத் தேடி எடுப்பதிலும், ஒரு தேதியைச் சரிபார்ப்பதிலும், ஒரு படிவத்தைப் புரியும் மொழியில் படித்துக் காட்டுவதிலும் அடங்கியுள்ளது. இராசீவ் காந்தி படுகொலைக்குப் பின் 1992 இல் ஏதிலியரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் பணி நடந்தது. விருப்பத்தின் பேரிலேயே செல்கின்றனர் என்று அரசு கூறியது. பழ. நெடுமாறனும் மருத்துவர் இராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். ஒப்புதல் பெறும் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, கையெழுத்திட்டவர்க்கு அதன் பொருள் விளங்கவில்லை என்பது அவ்வழக்கில் எழுந்த முறையீடுகளுள் ஒன்று. அதன்பின் ஐக்கிய நாடுகள் ஏதிலியர் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, செல்வோரின் விருப்பம் உண்மையானதா என்று கேட்டறியும் நிலை வந்தது. தமிழ் படித்தவர்க்கு இதிலுள்ள செய்தியைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. ஒரு பக்க மொழிபெயர்ப்பு ஒரு குடும்பத்தின் கடற்பயணத்தை நிறுத்தியிருக்கக்கூடும்.

இனித் தேதியின் வலிமையைக் காண்போம். 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவின்படி, 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆவார். தூதர் பிள்ளைகள் போன்ற மிகச் சில விலக்குகளே உண்டு. 1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவராயின் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். அதன்பின் பிறந்தவராயின் ஒருவர் இந்தியராக இருப்பதோடு, மற்றவர் 'சட்டத்திற்குப் புறம்பாகக் குடியேறியவர்' அல்லாதவராகவும் இருத்தல் வேண்டும்.

1986 இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண்மணி ஒருவர்க்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் மதுரைக் கிளையை நாடினார். இச்சட்டப்பிரிவின்படி அவர் பிறப்பால் இந்தியரே எனக் கண்டு, கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 ஆகஸ்டில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் ஆணையிட்டார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவருக்கு எவரும் புதிதாகக் குடியுரிமை வழங்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. பிறந்த நாளிலேயே அவர் இந்தியர். அதை எடுத்துச் சொல்ல முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

மலையகத் தமிழர் நிலை இதனினும் சிக்கலானது. இவர்தம் முன்னோர் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்கள். 1964 இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. ஒப்பந்தப்படி வந்தவர் 'தாயகம் திரும்பியோர்' ஆயினர்; கலவரத்திற்கு அஞ்சிப் படகில் வந்தவர் 'அகதி' ஆயினர். ஒரே தோட்டத்தில் கொழுந்து பறித்த உடன்பிறப்புகள் வந்த வழியால் இரு வேறு இனமாயினர். இத்தகையோர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களை மைய அரசு ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என 2019 சூனில் மதுரைக் கிளை ஆணையிட்டது. மைய அரசோ மேல்முறையீட்டில், இவர்கள் சட்டத்திற்குப் புறம்பாகக் குடியேறியவர்களே என வாதிட்டது. அதே ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையை விட்டுவிட்டது, முஸ்லிம்களையும் விட்டுவிட்டது. சமயத்தால் தகுதி காணும் அச்சட்டத்தைப் பற்றிய நம் கருத்தை இம்மலரின் வாசகர்கள் அறிவார்கள், விரிக்கவில்லை.

1.9.2025 முதல் பழைய வெளிநாட்டினர் சட்டங்களின் இடத்தில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடைமுறையில் உள்ளது. அதனையொட்டிய விலக்கு ஆணையின்படி, 9.1.2015 வரை இங்கு வந்து அடைக்கலம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமை குற்றமாகாது. இது நிம்மதி தரும் ஆணை. ஆயின் இது குடியுரிமை தரும் ஆணையன்று. 'பதிவு செய்துகொண்ட' என்னும் சொல்லையும் கவனிக்க வேண்டும். கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் பல்லாண்டு வாழ்ந்துவரும் ரோகிங்கியர்க்கு இந்த விலக்கும் இல்லை. அவர்களிடம் இருப்பது ஐ.நா. ஆணையத்தின் அட்டை மட்டுமே. போலிக் கடவுச்சீட்டையோ போலி விசாவையோ பயன்படுத்துவோர்க்கு இப்புதிய சட்டம் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. விரைவில் முடித்துத் தருவதாகச் சொல்லும் தரகரை நம்பிப் பொய்த்தாள் பெற்றவர், மெய்யான உரிமை இருந்தாலும் அதை நாடிச் செல்ல அஞ்சுவார்.

கி.பி. 615 அளவில் குறைஷியரின் கொடுமைக்கு அஞ்சி நபித்தோழர் சிலர் அபிசீனியாவில் தஞ்சம் புகுந்தனர். அவர்களை மீட்டுத் தருமாறு பரிசுப்பொருள்களுடன் தூதர் இருவர் நஜ்ஜாஷி மன்னரிடம் சென்றனர். மன்னர் மறுதரப்பையும் கேட்க விரும்பினார். அடைக்கலம் புகுந்தோர்க்காக ஜஅஃபர் இப்னு அபூதாலிப் (ரலி) எழுந்து பேசினார். கேட்க ஒருவரும் எடுத்துரைக்க ஒருவரும் இருந்ததனால் அம்மக்கள் காக்கப்பட்டனர்.

எடுத்துரைப்போர்க்கு இன்று பணம் வேண்டுமே எனலாம். 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பன்னிரண்டாம் பிரிவில் இலவச உதவி பெறுவோரைப் பட்டியலிடுகிறது. பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளோர் ஆகியோருடன் இன வன்முறையால் பாதிக்கப்பட்டோரையும் அது சேர்த்துள்ளது. முகாம்வாழ் மக்களுள் பெரும்பாலோர் இவற்றுள் ஏதேனும் ஒன்றில் அடங்குவர். மாவட்ட ஆணைக்குழுவையோ வட்டக் குழுவையோ நேரில் அணுகலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. 1984 இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இங்குப் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவும் இலங்கைக் குடியுரிமை ஆவணமும் பெற்றுத் தருவதில் நெடுநாள் உழைத்துள்ளது. திரும்பிச் செல்ல விரும்புவோர்க்கு அதுவே வழி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மட்டும் விண்ணப்பிக்கும் உரிமை குடிமக்களுக்கே உரியது. ஆகவே அரசாணை ஒன்றின் படி வேண்டுமாயின் முகாம் நண்பருக்காக நம் மாணவர் எவரும் விண்ணப்பிக்கலாம்.

முகாமிலிருந்து வரும் மாணவர் நம் வகுப்பில் இருப்பின், அவர்தம் பெற்றோர் எங்கே, எந்நாளில் பிறந்தனர் என்று கேட்டறிதல் நலம். தாய் 1985 இல் இராமநாதபுரத்து முகாமில் பிறந்தவர் என வைத்துக்கொள்வோம். அவர் இந்தியர். அவருக்கு 2003 இல் பிறந்த மூத்த மகள் தாய்வழியே இந்தியர். 2006 இல் பிறந்த தம்பியோ, தந்தை எவ்வாறு வந்தார் என்னும் கேள்வியால் தடுக்கப்படுகிறான். அவனுக்காக வழக்காட வழக்குரைஞர் வேண்டும். மூத்தவளுக்கு வேண்டுவது தாயின் பிறப்புச் சான்றிதழும் தன் பிறப்புச் சான்றிதழுமே. பிறப்பு அப்போது பதியப்படவில்லையாயின், ஓராண்டு கடந்த பதிவுக்கு அதிகாரம் பெற்ற நடுவரின் ஆணை வேண்டும். மருத்துவமனைக் குறிப்பு, முகாம்ப் பதிவேடு, பள்ளிச் சான்று ஆகியவற்றை இப்போதே தேடி எடுத்து வைத்தல் வேண்டும். நாற்பதாண்டுப் பழந்தாள்கள் ஆண்டுதோறும் மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன.